கூப்பன் பைண்டர்: பதினான்கு ஆண்டுகள் பயன்படுத்தியவளின் மதிப்புரை

நிறைந்திருந்த நாட்களில் என் கூப்பன் பைண்டர், அதாவது பத்திரிகையில் வரும் விலைக்கழிவுச் சீட்டுகளைக் கத்தரித்துச் சேர்த்துவைக்கும் கோப்பு, இரண்டு கிலோவுக்கு மேல் எடை இருந்தது. கடைத் தள்ளுவண்டியில் குழந்தை உட்காரும் இடத்தில் அதை விரித்து வைத்துக்கொண்டு நடப்பேன். வாங்கியது 2011 மார்ச்சில். சுற்றிலும் ஜிப் வைத்த துணி மேலுறை, உள்ளே இரண்டு அங்குல வளையங்கள் மூன்று, தோளில் மாட்ட ஒரு பட்டை. விலை 22 டாலர். அதற்குள் கோக்கும் பிளாஸ்டிக் தாள்களைத் தனியாக வாங்க வேண்டும். ஒரு தாளில் ஒன்பது பைகள் இருக்கும். பேஸ்பால் வீரர்களின் படச்சீட்டுகளைச் சேர்க்கும் சிறுவர்களுக்காகச் செய்யப்பட்ட தாள் அது. கத்தரித்த கூப்பனை ஒரே ஒரு மடிப்பு மடித்தால் அந்தப் பைக்குள் சரியாகப் பொருந்தும். யார் முதலில் இதைக் கண்டுபிடித்தாரோ, அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

நியூஜெர்சியின் எடிசனில் குடியிருக்கிறோம். இந்தப் பைண்டர் முறை இன்னும் பயன்படுமா, புதிதாக வருகிறவர்கள் இதற்குப் பணம் செலவழிக்கலாமா என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாது. எனக்கு இது என்னவாக இருந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

2008-ல் திருமணமாகி இங்கே வந்தேன். கணவருக்கு எச்-1பி விசா, எனக்கு எச்-4. அந்த விசாவில் வந்த மனைவிமார் அப்போது சம்பளத்துக்கு எந்த வேலையும் செய்யக் கூடாது. விருதுநகரில் ஒரு பஞ்சாலை அலுவலகத்தில் மூன்று ஆண்டு கணக்கு எழுதியவள் நான். மாதம் பிறந்தால் என் பெயரில் சம்பளக் கவர் வரும், அதில் ஒரு பங்கை அம்மா கையில் கொடுப்பேன். இங்கே வந்ததும் அது நின்றுவிட்டது. மறு ஆண்டே பொருளாதாரச் சரிவில் கணவரின் சம்பளத்தைக் குறைத்தார்கள். வயிற்றில் குழந்தை. ஒரு டாலர் சம்பாதிக்கவும் எனக்கு வழியில்லை. செலவாகாமல் தடுக்க மட்டுமே முடியும்.

எதிர்வீட்டில் ஒரு மூதாட்டி இருந்தார், அப்போதே எழுபத்தைந்து வயது. ஞாயிற்றுக்கிழமை காலையில் படிக்கட்டில் உட்கார்ந்து பத்திரிகையைப் பிரித்து, செய்தித் தாள்களை ஒதுக்கிவிட்டு, நடுவிலிருந்த வழவழப்பான வண்ணத் தாள்களை மட்டும் எடுத்துக் கத்தரிப்பார். ஒருநாள் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்து, பற்பசைக்கான ஒரு டாலர் கூப்பனைக் கையில் கொடுத்தார். இதைக் கல்லாவில் நீட்டு, ஒரு டாலர் குறைப்பார்கள் என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. பத்திரிகைத் தாளில் அச்சடித்த ஒரு துண்டுக்கு யார் பணம் தருவார்கள்?

என் அப்பா மளிகைக் கடை வைத்திருந்தவர். எங்கள் கடையில் பழைய பத்திரிகை எடைக்கு வாங்கும் சரக்கு. சீரகமும் கடுகும் அதில்தான் பொட்டலமாகும். தாளுக்குள் சரக்கு போகும் என்று தெரியும், தாளே காசாகும் என்பது எனக்குப் புதிது. கடைக்குப் போனேன். கூப்பனை நீட்டினேன். கல்லாவில் இருந்த பெண் பார்கோடைக் காட்டியதும் பீப் என்று ஒரு சத்தம், ரசீதில் ஒரு டாலர் கழிந்தது. அந்த ரசீதை இன்றும் வைத்திருக்கிறேன். வெப்பத்தாளில் அச்சான எழுத்து முழுக்க மங்கிவிட்டது.

அப்போது நாடே கத்தரிக்கோலை எடுத்திருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. 2009-ல் அமெரிக்கர்கள் 300 கோடிக்கும் அதிகமான கூப்பன்களைக் கடைகளில் கொடுத்தார்கள். அது முந்தைய ஆண்டைவிடக் கால்பங்குக்கு மேல் கூடுதல்.

கடைக்காரர் மகள் என்பதால் என் முதல் கேள்வி, இந்த ஒரு டாலர் யார் பையிலிருந்து போகிறது என்பதுதான். கடைக்காரர் நட்டப்படுவதாக இருந்தால் என் மனம் ஒப்பியிருக்காது. விசாரித்துத் தெரிந்துகொண்டேன். பத்திரிகையில் வருகிற கூப்பன் பெரும்பாலும் பொருளைத் தயாரிக்கும் நிறுவனம் தருவது. கடை அந்தத் துண்டுகளைச் சேர்த்து, கணக்குத் தீர்க்கும் நிறுவனத்துக்கு அனுப்பும். அங்கே வகைபிரித்து எண்ணி, தயாரிப்பாளரிடமிருந்து முழுத் தொகையையும் கடைக்கு வாங்கித் தருவார்கள். ஒவ்வொரு கூப்பனுக்கும் கையாளும் கூலியாகப் பொதுவாக 8 சென்ட் கூடுதலாகவும் கடைக்குக் கிடைக்கும். கூப்பனின் அடியில் பொடி எழுத்தில் இதெல்லாம் அச்சாகியிருக்கிறது. கல்லாவில் கூச்சத்தோடு நிற்கிற எல்லோருக்கும் இதைச் சொல்ல விரும்புகிறேன்: நீங்கள் யாரிடமும் கையேந்தவில்லை. கடைக்கு வரவேண்டிய பணத்தில் ஒரு பகுதியை வேறொருவரின் காசோலையாகக் கொடுக்கிறீர்கள்.

அதே பொடி எழுத்தில் "ரொக்க மதிப்பு ஒரு சென்டில் நூறில் ஒரு பங்கு" என்றும் இருக்கும். எதிர்வீட்டு அம்மாள்தான் அதற்கு விளக்கம் சொன்னார். ஒரு காலத்தில் கடைகள் சரக்கு வாங்கியவர்களுக்குப் பச்சை நிற வில்லைகள் கொடுக்கும், அவற்றைப் புத்தகத்தில் ஒட்டி நிரப்பினால் பாத்திரமோ விளக்கோ பரிசாக வாங்கலாம். அந்த வில்லைகளை முறைப்படுத்தச் சில மாநிலங்கள் சட்டம் போட்டு, ரொக்க மதிப்பு ஒன்றை அச்சடிக்கச் சொல்லின. அந்த வழக்கம் கூப்பனிலும் தொற்றிக்கொண்டது. அம்மாளிடம் பாதி நிரம்பிய வில்லைப் புத்தகம் ஒன்று இருந்தது. கடைசிவரை அதை அவர் தூக்கிப் போடவில்லை.

அவரிடம் பைண்டர் கிடையாது. ஒரு செருப்புப் பெட்டி, அதில் வரிசையாகப் பழைய கடித உறைகள். உறையின் முன்பக்கம் பொருளின் வகை, பின்பக்கம் வாங்க வேண்டியவற்றின் பட்டியல். நானும் இரண்டு ஆண்டு அப்படித்தான் வைத்திருந்தேன். வீட்டில் வசதியாக இருந்தது, கடையில் கைகொடுக்கவில்லை. வரிசை நடுவே நின்று உறை உறையாகப் பிரிப்பதற்குள் மகன் அழத் தொடங்கிவிடுவான். அடுத்து விசிறிபோல் மடிந்து விரியும் கோப்பு வாங்கினேன். கைக்கு அடக்கம், எட்டே டாலர். அதன் குறை, உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியாது. தெரியாத கூப்பன் காலாவதியாகும். ஒரு மாதக் கடைசியில் அதைக் கவிழ்த்து எண்ணியபோது 31 டாலர் மதிப்புள்ள கூப்பன்கள் தேதி கடந்து கிடந்தன. மறுவாரம் பைண்டர் வாங்கினேன்.

பைண்டரின் பெரிய நன்மை, எல்லாம் கண்முன் இருப்பதுதான். பக்கத்துக்கு ஒன்பது கூப்பன், தாளின் இருபுறமும் பயன்படுத்தினால் பதினெட்டு. தொகையும் காலாவதித் தேதியும் வெளியே தெரியும்படி மடிக்க வேண்டும், இதில் சோம்பல் கூடாது. மேல்புறம் திறக்கும் பைகளையே வாங்குங்கள். பக்கவாட்டில் திறக்கும் பைகளில் பக்கம் புரட்டும்போதெல்லாம் கூப்பன் நழுவி விழும். விலை குறைந்த, வினைல் வாடை அடிக்கிற தாள்களையும் தவிர்த்துவிடுங்கள். கோடையில் காருக்குள் ஒரு மதியம் கிடந்தால் அச்சு மை பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும். பார்கோடு ஒட்டிப் பிய்ந்த கூப்பனைக் கல்லா இயந்திரம் படிக்காது. பாலிப்ரோப்பிலீன் என்று போட்டிருக்கும் தாள்கள் நூற்றுக்கு இரண்டு மூன்று டாலர்தான் கூடுதல். என்னுடையவை பத்தாண்டு கடந்தும் தெளிவாக இருக்கின்றன.

வளையம் வட்டமாக இருக்கக் கூடாது. ஆங்கில டி எழுத்துப் போல ஒருபக்கம் நேராக இருந்தால்தான் தாள்கள் சாயாமல் அடுக்கி நிற்கும். என் முதல் பைண்டரில் வட்ட வளையம், எடை கூடியதும் நடுவில் பல்லிளித்தது. ஜிப்பும் மூன்றாம் ஆண்டு பல் விலகிவிட்டது. வாகன நிறுத்தத்தில், காற்றடிக்கிற நவம்பர் மாலையில், அது திறந்துகொண்டு இரண்டு பக்கத்துக் கூப்பன்கள் பறந்ததை மறக்க மாட்டேன். முன்பின் தெரியாத ஒரு மனிதர் தன் வண்டியை விட்டுவிட்டு என்னோடு ஓடி ஓடிப் பொறுக்கிக் கொடுத்தார். இரண்டாவது பைண்டருக்கு 29 டாலர் கொடுத்தேன். டி வளையம், உலோகப் பல் ஜிப். இப்போதும் அதுதான்.

அடுக்கும் முறையில் மூன்றைச் சோதித்திருக்கிறேன். அகரவரிசை முறை எனக்குச் சரிப்படவில்லை. ஒரே பொருளை ஐந்து நிறுவனங்கள் செய்கின்றன, எந்தப் பெயரில் தேடுவது? காலாவதி மாதப்படி அடுக்கினால் எதுவும் வீணாகாது, ஆனால் கடைக்குள் முன்னும் பின்னும் புரட்ட வேண்டும். நான் நிலைத்தது கடையின் நடைவழிப்படி அடுக்குவதில். நான் வழக்கமாகப் போகும் கடையில் நுழைந்ததும் தயிர், பால். அடுத்து காலை உணவுத் தானியங்கள். பிறகு டப்பா உணவு, உறைந்த காய்கறி, சலவை, குளியலறை, கடைசியாகக் குழந்தைப் பொருட்கள். பைண்டரின் பிரிவுகளும் அதே வரிசை. தள்ளுவண்டி நகர நகரப் பக்கமும் புரளும். கடையை மாற்றியமைத்தால் பைண்டரையும் மாற்ற வேண்டும், இரண்டு முறை அப்படி நேர்ந்தது.

கத்தரிக்கவே கத்தரிக்காமல் வைக்கிற முறையும் உண்டு. பத்திரிகையோடு வரும் கூப்பன் இணைப்பின் முதுகில் பொடி எழுத்தில் வெளியான தேதி இருக்கும். இணைப்பை முழுதாக அந்தத் தேதிப்படி கோத்து வைத்து, தேவைப்படும்போது மட்டும் வெட்டுவது. வேலைக்குப் போகிறவர்களுக்கு இது பொருந்தும். கத்தரித்துப் பைக்குள் வைத்தால்தான் எனக்குக் கையில் இருப்பது நினைவில் நிற்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வேலை ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். இரண்டு பத்திரிகை வாங்குவேன், எதிர்வீட்டு அம்மாள் தனக்கு வேண்டாதவற்றைத் தருவார். ஒரே பக்கத்தின் மூன்று பிரதிகளை விளிம்பு சேர்த்து, நடுவில் ஒரு ஸ்டேப்லர் முள் அடித்து, ஒன்றாக வெட்டினால் நேரம் மூன்றில் ஒன்றாகும். பார்கோடையும் தேதியையும் மட்டும் வெட்டிவிடக் கூடாது. ஈஸ்டர், ஜூலை நான்கு போன்ற விடுமுறை ஞாயிறுகளில் பொதுவாக இணைப்பு வராது, அன்று கூடுதல் பிரதி வாங்கினால் காசு வீண். இப்படி இணைப்பாகக் கூப்பன் வருவது 1972-ல் வலாசிஸ் நிறுவனம் தொடங்கிவைத்த ஏற்பாடு. நான் கத்தரிக்கத் தொடங்கியபோது ஸ்மார்ட்சோர்ஸ், ரெட்பிளம் என்று இரண்டு இணைப்புகள் வரும், மாதம் ஒருமுறை, சலவைத் திரவமும் டயப்பரும் தயாரிக்கும் பிராக்டர் அண்டு கேம்பிள் நிறுவனம் தனியாக ஒன்று வெளியிடும்.

பிராக்டர் அண்டு கேம்பிள் ஒருமுறை கூப்பனையே நிறுத்திப் பார்த்தது. 1996-ல் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ, ராச்சஸ்டர், சிராக்கியூஸ் பகுதிகளில், கூப்பனுக்குப் பதில் விலையைக் குறைக்கிறோம் என்று அறிவித்தது. மக்கள் ஏற்கவில்லை. கையெழுத்து இயக்கம், புறக்கணிப்பு, எதிர்ப்புக் கூட்டம் என்று அந்த ஊர்கள் கொதித்தன. 1997-ல் நிறுவனம் அந்தச் சோதனையைக் கைவிட்டது. நான் அந்த மக்கள் பக்கம். குறைந்த விலை எல்லோருக்கும் நல்லதுதானே என்று கணவர் வாதாடினார். கூப்பன் என்பது உழைப்பவருக்குக் கிடைக்கிற விலை. கையில் பணமில்லாமல் நேரம் மட்டும் உள்ளவருக்கு அது ஒரு கூலி.

எப்படிப் பயன்படுத்துவது என்பதில்தான் பாதிப் பணம் இருக்கிறது. கூப்பன் கையில் வந்த வாரமே ஓடக் கூடாது. அந்தப் பொருள் கடையின் வாரச் சலுகையில் வரும்வரை காத்திருந்து, குறைந்த விலையின்மேல் கூப்பனைக் கொடுக்க வேண்டும். பெரும்பாலான பொருட்களின் விலை சில வாரங்களுக்கு ஒருமுறை இறங்கும். மூன்று மாதம் ரசீதுகளைப் பார்த்து நோட்டில் எழுதினால் உங்கள் கடையின் சுற்று பிடிபட்டுவிடும். தயாரிப்பாளர் கூப்பனோடு கடையின் சொந்தக் கூப்பனையும் ஒரே பொருளுக்குச் சேர்த்துக் கொடுக்கப் பல கடைகள் அனுமதிக்கும், இரண்டு தயாரிப்பாளர் கூப்பனைச் சேர்க்க முடியாது.

என் நோட்டிலிருந்து ஒரு கணக்கு. சலவைத் திரவம், வழக்கமான விலை 11.99 டாலர். சலுகையில் 8.99. மூன்று டாலர் கூப்பன். கொடுத்தது 5.99. ஆனால் ரசீதில் வரி 60 சென்ட் இருந்தது. 5.99-க்கு வரி 40 சென்ட்தானே வர வேண்டும்? தயாரிப்பாளர் அந்த மூன்று டாலரைக் கடைக்குத் திருப்பித் தருவதால், நியூஜெர்சி சட்டப்படி கூப்பனுக்கு முந்தைய 8.99-க்கே 6.625 விழுக்காடு வரி. கடையின் சொந்தக் கூப்பனானால் வரியும் குறையும். முதல்முறை நான் வாடிக்கையாளர் மேசைக்குப் போய் முறையிட்டேன், அங்கிருந்தவர் பொறுமையாக விளக்கினார். நல்லவேளையாக, சமைக்க வாங்கும் மளிகைப் பொருட்கள் பெரும்பாலானவற்றுக்கு இங்கே விற்பனை வரி கிடையாது.

எல்லாக் கல்லாவிலும் அந்தப் பொறுமை கிடைக்கவில்லை. ஒரு கடையில், நான்கு பற்பசைக்கு நான்கு கூப்பன் கொடுத்தபோது, ஒன்றுதான் செல்லும் என்று மூன்றைத் திருப்பிக் கொடுத்தார்கள். கூப்பனில் இருந்தது "ஒரு பொருளுக்கு ஒரு கூப்பன்" என்ற நிபந்தனை. அவர்கள் அதை "ஒரு ரசீதுக்கு ஒன்று" என்று படித்தார்கள். என் பின்னால் ஏழு பேர் நின்றார்கள். என் ஆங்கிலம் அப்போது அவ்வளவு ஓடவில்லை. நான்கையும் வைத்துவிட்டு வெளியே வந்து காரில் உட்கார்ந்து அழுதேன். மறுநாள் அந்தக் கடையின் கூப்பன் விதிகளை அச்செடுத்து, பைண்டரின் முதல் பையில் வைத்துக்கொண்டு திரும்பப் போனேன். மேலாளர் படித்துப் பார்த்து நான்கையும் ஏற்றுக்கொண்டார். பைண்டரின் முதல் பக்கம் இன்றும் விதிகளுக்குத்தான்.

எனக்குப் பிடித்த மாதம் ஜனவரி. ஷாப்ரைட் கடைகளில் டப்பா உணவுகளுக்கான 'கேன் கேன்' விற்பனை நடக்கும், 1971-ல் தொடங்கிய வழக்கம் அது. ஷாப்ரைட் தனி முதலாளியின் கடை இல்லை. வேக்ஃபர்ன் என்ற கூட்டுறவின் உறுப்பினர்கள் நடத்துவது, அதன் தலைமையகம் எங்களுக்குப் பக்கத்துக் கீஸ்பியில் இருக்கிறது. நொறுக்கிய தக்காளி டப்பாக்களை அப்போது பெட்டியாக வாங்குவேன். பனிக்காலத்துத் தக்காளிக்கு மணமே இருக்காது. டப்பாத் தக்காளியில் நல்லெண்ணெய் விட்டுச் சுண்ட வைத்த தொக்கு, கோடைத் தக்காளித் தொக்குக்குச் சற்றும் குறைந்ததில்லை. பூண்டை மட்டும் கூடுதலாகப் போடுங்கள்.

ஆனால் நம் சமையலறைக்கு இந்தப் பைண்டர் முழுத்துணை இல்லை. துவரம்பருப்பு, உளுந்து, பொன்னி அரிசி, புளி, மிளகாய், நல்லெண்ணெய் இவற்றுக்குக் கூப்பன் வந்து நான் பார்த்ததில்லை. ஓக் ட்ரீ ரோட்டு இந்தியக் கடைகளில் பண்டிகைச் சலுகை உண்டு, அதற்குப் பத்திரிகை வேண்டாம். முருங்கைக்காய், வெண்டைக்காய்க்கு எந்தத் தயாரிப்பாளர் கூப்பன் அச்சடிப்பார்? வருவதெல்லாம் டப்பாவிலும் புட்டியிலும் அடைத்த, பெயர் போட்ட பொருட்களுக்கு. எங்கள் வீட்டில் மாதச் செலவில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் கூப்பனுக்கு உட்பட்டது. பற்பசை, சோப்பு, சலவைத் திரவம், டயப்பர், தயிர், மகனின் காலை உணவு. அந்த மூன்றில் ஒன்றைப் பைண்டர் பாதியாக்கியது. மீதியைத் தொடவில்லை.

இதை மறந்தபோது தவறு செய்தேன். 2012-ல், மலைபோல் சரக்கைக் குவித்துக் காட்டுகிற பெண்களைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, நானும் கூப்பன் இருக்கிறதே என்று கடுகுச் சாந்துப் புட்டிகள் பதினொன்று வாங்கினேன். புட்டிக்கு 19 சென்ட்தான். எங்கள் வீட்டில் யாரும் அதைச் சாப்பிட மாட்டார்கள். தேவாலயத்தின் உணவு வங்கியில் கொடுத்தேன், மகிழ்ச்சியாக வாங்கிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு, கூப்பன் இல்லாவிட்டாலும் வாங்கியிருப்பேனா என்று கேட்டுக்கொள்ளாமல் எதையும் கத்தரிப்பதில்லை.

இன்னொன்றையும் உறுதியாகச் சொல்கிறேன். கத்தரித்த கூப்பன்களை இணையத்தில் விற்கிறார்கள், வாங்காதீர்கள். பொருளின் விலையைவிடக் கூடுதலாகக் கழிவு காட்டுகிற தாள், இலவசம் என்று மட்டும் போட்ட தாள், இவை பெரும்பாலும் போலி. 2021-ல் வர்ஜீனியா பீச் நகரத்துப் பெண் ஒருவருக்குப் போலிக் கூப்பன் தயாரித்து விற்றதற்காக 12 ஆண்டு சிறை விதித்தார்கள். கடைகளுக்கும் தயாரிப்பாளர்களுக்கும் ஏற்பட்ட இழப்பு 3.1 கோடி டாலருக்கு மேல். ஒளிநகல் எடுப்பதும் மோசடிதான். நேர்மையாகச் செய்கிற வரைதான் கல்லாவில் தலைநிமிர்ந்து நிற்க முடியும்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். ஒவ்வொரு ரசீதையும் நோட்டில் பதிந்திருக்கிறேன், பழைய தொழில் விடவில்லை. 2013-ல் கூப்பனால் கழிந்தது 1,146 டாலர். பத்திரிகைச் செலவு 190. மிச்சம் 956. அந்த ஆண்டு நான் செலவிட்டது சுமார் 75 மணி நேரம். மணிக்கு 12 டாலர் 75 சென்ட் விழுகிறது. அப்போது நியூஜெர்சியின் குறைந்தபட்சக் கூலி 7.25 டாலர். வேலை செய்ய உரிமை இல்லாதவள், சட்டம் வகுத்த கூலியைவிடக் கூடுதலாக என் வீட்டுக்கு ஈட்டியிருக்கிறேன். அந்த இரவு எண்ணை மூன்று முறை சரிபார்த்துவிட்டுக் கணவரை எழுப்பிக் காட்டினேன். மறுவாரம் அவர் வங்கியில் என் பெயரையும் சேர்த்து ஒரு சேமிப்புக் கணக்கு திறந்தார். கூப்பனில் கழிந்த தொகையை மாதக் கடைசியில் அதில் போட்டுவந்தோம். 2014-ல் அம்மாவின் கண் அறுவைச் சிகிச்சைக்குப் போனது அந்தப் பணம்.

2015 மே 26 முதல் எச்-4 மனைவியரில் ஒரு பகுதியினருக்கு வேலை அனுமதி கிடைத்தது. நானும் விண்ணப்பித்து, மறு ஆண்டு ஒரு கணக்காளர் அலுவலகத்தில் சேர்ந்தேன்.

2024 கணக்கு வேறு. கழிந்தது 214 டாலர். இணைப்பு இருக்கிற ஞாயிறுகளில் மட்டும் வாங்கிய 24 பத்திரிகைக்கு 120 டாலர். மிச்சம் 94, செலவிட்ட நேரம் 12 மணி. மணிக்கு எட்டு டாலர்கூடத் தேறவில்லை. அந்த ஆண்டின் குறைந்தபட்சக் கூலி 15.13 டாலர். இணைப்பு மெலிந்துவிட்டது. முன்பு தடிமனாக வந்தது இப்போது சில பக்கங்கள். காலாவதிக் காலமும் குறைந்துவிட்டது. இரண்டு வாரத்தில் முடிகிற கூப்பனை வைத்துக்கொண்டு சலுகைக்குக் காத்திருக்க முடியாது.

2025 பிப்ரவரி 2, ஞாயிற்றுக்கிழமையோடு நியூஜெர்சியின் ஸ்டார்-லெட்ஜர் அச்சுப் பதிப்பை நிறுத்திக்கொண்டது. என் பைண்டரில் பாதிக்கு மேல் அந்தப் பத்திரிகையில் வந்தது. கடைசி இதழை வாங்கினேன். கத்தரிக்க மனம் வரவில்லை.

கூப்பன்கள் கைப்பேசிச் செயலிக்குப் போய்விட்டன. விரலால் தொட்டால் கணக்கில் ஏறுகிறது, கல்லாவில் தானாகக் கழிகிறது, கத்தரிக்கோல் வேண்டாம், தாள் பறக்காது. எனக்கு அது எளிதுதான். ஆனால் கைப்பேசி இல்லாத, இருந்தும் கையாளத் தெரியாத முதியவர்கள் அதே பொருளுக்கு முழு விலை கொடுக்கிறார்கள். என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கற்றுக்கொடுத்தவர் 2019-ல் காலமானார். இருந்திருந்தால் இன்று அவரும் அப்படித்தான் கொடுத்திருப்பார் என்று நினைக்கும்போது கோபம் வருகிறது. சேமிக்க வேண்டிய தேவை அதிகம் உள்ளவர்களுக்குக் கதவை அடைத்துவிட்டு அதற்கு வசதி என்று பெயர் வைக்கக் கூடாது. 2025-ல் சான் டியாகோ நகரமன்றம், செயலியில் தருகிற சலுகைகளை மளிகைக் கடைகள் தாள் வடிவிலும் தர வேண்டும் என்று விதி செய்தது. எங்கள் மாநிலத்திலும் அது வர வேண்டும்.

அப்படியானால் பைண்டர் வாங்கலாமா? பெரிய பைண்டர், நாற்பது தாள் தொகுப்பு வேண்டாம், அந்தக் காலம் முடிந்துவிட்டது. ஓர் அங்குல டி வளையம், பத்துத் தாள், ஒரு மழுங்கிய முனைக் கத்தரிக்கோல் போதும். பதினைந்து டாலருக்குள் முடியும். டயப்பர் வயதுக் குழந்தை இருந்தால் முதல் இரண்டு மாதத்திலேயே அந்தப் பணம் திரும்பிவிடும். தபாலில் வருகிற கடைக் கூப்பன்கள், கல்லாவில் ரசீதோடு அச்சாகி வருகிறவை, சரக்குத் தீர்ந்துபோனால் பிறகு அதே விலைக்குத் தருவதாகக் கடை எழுதித் தரும் 'ரெயின் செக்' சீட்டு, இவற்றுக்கெல்லாம் இன்னும் ஓர் இடம் வேண்டியிருக்கிறது. இருவரும் வேலைக்குப் போகிற, குழந்தையில்லாத வீட்டுக்குச் செயலியே போதும்.

என் பைண்டரில் இப்போது பதினொரு தாள்கள் இருக்கின்றன. பத்தைக் கழற்றிப் போன மாதம் மாடியில் குடிவந்த பெண்ணுக்குக் கொடுத்தேன். கரூர்ப் பக்கம், எச்-4, ஐந்து மாதக் கர்ப்பம். மேசையில் உட்கார வைத்து, தொகையும் தேதியும் வெளியே தெரிய மடிப்பது எப்படி என்று காட்டினேன். டயப்பர் கூப்பன் இரண்டும் பற்பசைக் கூப்பன் ஒன்றும் அவள் கையாலேயே வைத்தாள். தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, துவரம்பருப்புக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டாள்.

காலியாக இருந்த கடைசித் தாளைக் காட்டி, அதில் ஓக் ட்ரீ ரோட்டுக் கடைகளின் பருப்பு விலையை வாராவாரம் எழுதி வைக்கச் சொன்னேன்.